அழுக்குப் பக்கம்

"பேரை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நாலு மணி சங்கு ஊதறதுக்குள்ள அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிடறேன்."

லாண்டரி மேனேஜர் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த அரைக்கண் அக்கா தூங்கிவிட்டாள் என்று நினைத்திருப்பார். யாராவது பேசும்போது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவள் வழக்கம். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். துப்பறிகிற தொழிலில் அவளுக்கு இருபது வருஷம், அவளுக்கு எடுபிடியாக எனக்கு ஆறு வருஷம். என்னை எல்லோரும் ரேடியோ என்பார்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேனாம். நிறுத்த எனக்குப் பொத்தான் வைக்கவில்லை, நான் என்ன செய்ய?

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரித் துணிகளை மூட்டை மூட்டையாக வாங்கி வெளுத்துக் கொடுக்கிற லாண்டரி அது. மூன்று மாதத்துக்கு முன்னால் உருளை மிஷினில் ஒரு பெண்ணின் சட்டைக் கை மாட்டிக்கொண்டது. ஈரப் போர்வையை ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் இஸ்திரி போட்டுத் தள்ளும் மிஷின். கையைச் செருகினாலும் அதையேதான் செய்யும். பக்கத்து மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்து மிஷினை நிறுத்தினாள். கை பிழைத்தது. ஆனால் வேலை நின்றுபோனதே என்று மேஸ்திரி பாய்ந்து வந்து, என்ன ஏது என்று கேட்காமல், நிறுத்தியவளைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். நாற்பது பேர் பார்த்தார்கள்.

மேனேஜர் விசாரித்தார். மேஸ்திரியை மூன்று மாதம் சஸ்பெண்ட் செய்தார். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 'அவளும் ஏதோ தப்பு பண்ணியிருக்கா' என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மடிப்புக்காரியோடு உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. கடைசியில் அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்று சனிக்கிழமை, அவளுக்குக் கடைசி நாள். திங்கட்கிழமை மேஸ்திரி திரும்பி வருகிறான்.

"நான் நியாயம்தான் பண்ணேன் மேடம்" என்றார் மேனேஜர். "பதினோரு வருஷம் வேலை பார்த்த பொண்ணு. கெட்ட பேரோட போகுது. எவனோ ஒரு நாக்கு நீண்டவன் என் நியாயத்தையே கெடுத்துட்டான்."

அக்கா எழுந்தாள். "அவங்க வேலையில இருக்கறதும் போறதும் என் கையில இல்லை சார். பேர் கெட்டுப் போறாங்களா, நல்ல பேரோட போறாங்களா, அதை வேணா சாயந்தரத்துக்குள்ள பார்க்கலாம். உங்க காதுக்கு இந்தப் பேச்சு யார் வழியா வந்துச்சு?"

"வேன் டிரைவர்."

வதந்திக்கு வால் கிடைத்துவிட்டது. இனித் தலை வரை போக வேண்டும்.

டிரைவர் வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, துணிக்கட்டுகளை எண்ணாமலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அவதான் முதல்ல கை நீட்டினா. மேஸ்திரி நெஞ்சுல ஓங்கிக் குத்தினா. அப்புறம்தான் அவர் அடிச்சார்."

"நீங்க பார்த்தீங்களா?" என்றாள் அக்கா.

"நான் வண்டியில இருந்தேன்."

"பின்னாடி பார்க்கற கண்ணாடியில தெரிஞ்சுச்சாண்ணே?" என்றேன்.

"நெருப்பில்லாம புகையுமா தம்பி?"

"இது லாண்டரிண்ணே. இங்க பாதிப் புகை வெறும் ஆவி."

அவர் சிரிக்கவில்லை. அன்று முழுக்க அந்தக் கட்டடத்தில் யாருமே சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மிஷின் சத்தத்திலேயே வருஷக்கணக்கில் இருந்தால் முகம் அப்படி ஆகிவிடும் போலிருக்கிறது.

"குத்தினாங்கன்னு எப்படி நம்பறீங்க?" என்றாள் அக்கா.

"இல்லன்னா அவளை ஏன் அழுக்குப் பக்கம் போடறாங்க?"

அக்கா நோட்டை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டாள். குத்து நோட்டில் ஏறவில்லை.

அழுக்குப் பக்கம் என்றால் என்னவென்று டிரைவரே சொன்னார். லாண்டரிக்கு நடுவில் ஒரு சுவர். ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தமும் சீழுமாக வரும் துணி ஒரு பக்கம் இறங்கும். அங்கே பிரித்துச் சலவை மிஷினில் போடுவார்கள். மிஷின் சுவருக்குள் பதித்தது, அதற்கு இரண்டு கதவு. வெளுத்த துணி மறுபக்கக் கதவு வழியாகச் சுத்தப் பக்கம் வந்துவிடும். மனுஷன் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர வேண்டுமானால் குளித்து உடை மாற்ற வேண்டும். டீக் கப்கூட வேறு. சுத்தப் பக்கத்துக்குப் பச்சை, அழுக்குப் பக்கத்துக்குச் சிவப்பு. நோய் தொற்றக் கூடாது என்று வைத்த ஏற்பாடு.

"சாதாரணமா யாரை அங்க அனுப்புவாங்க?"

"குடிச்சுட்டு வந்தவன், வேலை நேரத்துல தூங்கினவன், போர்வையைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு போனவன். பிறந்ததுலேர்ந்து வாய் பேசாத ஒரு பெரியவர் மட்டும் விரும்பி இருக்கார். அவருக்கு அங்கதான் நிம்மதியாம்."

"உங்களுக்கு யார் சொன்னது, அவங்க குத்தினாங்கன்னு?"

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "பேக்கிங்ல இருக்கற அந்தம்மாதான் ஏதோ சொன்னாங்க. அதான், மிஷின்ல கை மாட்டினவங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண் இன்னும் பாதிதான் திறந்திருந்தது.

பேக்கிங் மேஜையில் நின்றிருந்தவள் நாற்பதைத் தாண்டியவள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து ரப்பர் வளையம் போட்டிருந்தாள். தலையணை உறைகளைப் பத்துப் பத்தாக அடுக்கியபடியே எங்களுக்குப் பதில் சொன்னாள்.

"மேஸ்திரியைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிட்டாளாம். அதான் அவர் அடிச்சுட்டார்."

"குத்தலையா?"

"குத்தினதா யார் சொன்னா? வார்த்தைதான்."

"உங்க காதுல விழுந்துச்சா?"

"உருளை மிஷின் ஓடறப்ப நமக்குள்ள நாம பேசறதே கேட்காது."

"மிஷின்தான் நின்னுடுச்சேம்மா" என்றேன்.

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த உறையை எடுத்தது.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு அவங்க ஓடி வரலைன்னா..."

"தெரியும்." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "தெரியும்மா. இந்தக் கை இருக்கே, இது அவ குடுத்தது. முதல் மூணு நாள் நான்தான் அவளுக்குச் சோத்தை ஊட்டாத குறையாப் பார்த்துக்கிட்டேன். அப்புறம் அவளை அந்தப் பக்கம் போட்டாங்க. எல்லாரும் என்னையும் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பிச்சாங்க. இவளும் அவளுக்குக் கூட்டோன்னு. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. அவளைப் பத்தி நினைக்கறதையே விட்டுட்டேன். நினைச்சா கை நடுங்குது, வேலை ஓட மாட்டேங்குது."

"திட்டினாங்கன்னு நம்பறீங்களா?"

"இல்லன்னா அவளை ஏன் அழுக்குப் பக்கம் போடறாங்க?"

அக்கா இரண்டாம் தடவையாக அதே வரியை எழுதினாள். யார் சொன்னது என்று கேட்டதற்கு, டீக்காரர் என்று பதில் வந்தது.

பேக்கிங்காரி மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறு வருஷமாக ஊராரின் கதைகளைக் கேட்டுக் கேட்டு எனக்குள்ளும் ஏதோ மரத்துப் போயிருந்தது.

நடைபாதையில் அக்கா சொன்னாள். "டிரைவர்கிட்ட குத்து. இந்தம்மாகிட்ட வெறும் வார்த்தை. சுருங்கிட்டே வருது பார்த்தியா?"

"வெந்நீர்ல போட்ட பருத்திச் சட்டை மாதிரி."

"அப்படின்னா முதல்ல சொன்னவங்க ரொம்பச் சின்னதா ஏதோ சொல்லியிருக்காங்க. கெடுக்கணும்னு கிளப்பினவன் பெருசாத்தான் ஆரம்பிப்பான். இது விரோதி வேலை இல்லடா."

"அப்ப சிநேகிதி வேலையா?"

அக்கா டீ வாசனை வந்த பக்கம் நடந்தாள்.

டீக்காரரின் இடம் சுவரை ஒட்டி இருந்தது. சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக அழுக்குப் பக்கத்துக்கு டீ போகும், காலிக் கப் திரும்பி வரும். அவர் எங்களுக்குப் பச்சைக் கப்பில் டீ ஊற்றினார்.

"அந்தப் பொண்ணு ஏதோ தப்பு பண்ணிடுச்சாம். என்ன தப்புன்னெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

"குத்து? கெட்ட வார்த்தை?" என்றேன்.

"ஐயையோ, அதெல்லாம் நான் சொல்லலை. ஏதோ தப்பு, அவ்வளவுதான். வெறும் வாயை மெல்லறவங்களுக்கு அவல் கிடைச்சா விடுவாங்களா? அவங்கவங்க சேர்த்துக்கிட்டாங்க."

"தப்பு பண்ணியிருப்பாங்கன்னு நீங்க எப்படி..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"இல்லன்னா..."

"அழுக்குப் பக்கம் ஏன் போடறாங்க" என்று நான் முடித்து வைத்தேன். மூன்றாவது வரி நோட்டில் ஏறியது.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"மூணு மாசமாச்சுங்களே, ஞாபகம் இல்லை. சிவப்புக் கப்பை வாங்கிட்டு இருந்தேன், அப்ப காதுல விழுந்துச்சு."

அக்காவின் கண் முழுசாகத் திறந்தது. இந்த ஆறு வருஷத்தில் நான் அதைப் பார்த்தது நாலைந்து தடவைதான்.

"சிவப்புக் கப்பை எங்கேர்ந்து வாங்குவீங்க?"

"இந்த ஜன்னல் வழியாத்தான்."

"அப்படின்னா பேசினது அந்தப் பக்கத்து ஆள். பகல் ஷிஃப்ட்ல அங்க எத்தனை பேர்?"

"ரெண்டே பேர். ஒருத்தர் நம்ம பெரியவர். அவருக்குத்தான் பேச்சு வராதே. இன்னொண்ணு..."

டீக்காரர் சட்டென்று நிறுத்தினார். கையில் இருந்த கெட்டிலைக் கீழே வைத்தார்.

"நான் அவங்க பேரைச் சொல்லலைங்க. இத்தனை நாள்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லலை."

"தெரியும்" என்றாள் அக்கா. "அதனாலதான் இவ்வளவு தூரம் நடந்தோம்."

அழுக்குப் பக்கம் போக எங்களுக்கு நீல அங்கி, கையுறை, முகமூடி எல்லாம் கொடுத்தார்கள். நான் பார்க்க ஆபரேஷனுக்குப் பயந்து ஓடிவந்த டாக்டர் மாதிரி இருப்பதாக அக்காவிடம் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

அந்தப் பெரியவர் ஒரு மூலையில் மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மடிப்புக்காரி நீள மேஜையில் போர்வைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கறை உள்ளது ஒரு தொட்டிக்கு, இல்லாதது இன்னொரு தொட்டிக்கு. முப்பத்தைந்து வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "டீக்காரர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"நானும் ஏதோ தப்பு பண்ணியிருக்கேன் போலண்ணேன்னு சொன்னேன்."

மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. காலையிலிருந்து நாங்கள் துரத்திக்கொண்டு வந்த நாக்கு நீண்டவன் இவள்தான்.

"என்ன தப்பு?"

"அதான் தெரியலை மேடம். தினமும் யோசிக்கறேன். பொத்தானை அடிக்கறதுக்கு முன்னாடி கத்திச் சொல்லியிருக்கணுமோ. அவர் ஓடி வந்தப்ப நான் நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாதோ. ஒருவேளை அந்தம்மாவே கையை உருவியிருப்பாங்களோ, நான்தான் அவசரப்பட்டுட்டேனோ."

"தப்பு பண்ணீங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"போர்டுல இருந்துச்சே."

ஒரு போர்வையை உதறி, பார்த்து, தொட்டியில் போட்டாள்.

"அடி வாங்கின அன்னிக்கு எல்லாரும் என்னைச் சுத்தி நின்னாங்க. தண்ணி குடுத்தாங்க. மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி திட்டினாங்க. கன்னம் எரிஞ்சுது, ஆனா தலை நிமிர்ந்துதான் வீட்டுக்குப் போனேன். மூணாம் நாள் நோட்டீஸ் ஒட்டினாங்க. முதல் வரியில அவருக்குத் தண்டனைன்னு படிச்சப்ப சந்தோஷமா இருந்துச்சு. அடுத்த வரியில என் நம்பர்."

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"'நீ ஒண்ணும் பண்ணலைன்னா உன்னை ஏன் மாத்தறாங்க'ன்னு வீட்டுக்காரர் கேட்டார். பதில் சொல்லத் தெரியலை. நானும் அதைத்தானே கேட்டுட்டு இருக்கேன். அப்புறம் அவர் பேச்சைக் குறைச்சுக்கிட்டார். மாமியார் வீட்டுப் பக்கம் ஒரு விசேஷத்துக்கும் கூப்பிடறதில்லை."

"அழுதீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இல்லை தம்பி. அடி வாங்கினப்ப அழுதேன். இங்க வந்தப்புறம் எதுவுமே வரலை. நாத்தம்கூடத் தெரியறதில்லை."

ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைக்கலாமா என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

நோட்டீஸ் போர்டில் அந்தத் தாள் இன்னும் இருந்தது. மேலே ஷிஃப்ட் பட்டியல், அதற்கு மேல் தொலைந்துபோன சாவிக்கொத்து பற்றிய அறிவிப்பு, அதற்கு மேல் இன்னொரு ஷிஃப்ட் பட்டியல். எல்லாவற்றையும் கழற்றி, அடியில் இருந்ததை எடுத்துக்கொண்டு மாடியில் மேனேஜர் அறைக்குப் போனோம்.

அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "கிடைச்சுட்டானா? பேர் சொல்லுங்க."

"முதல்ல சொன்னது அந்தப் பொண்ணேதான் சார்" என்றாள் அக்கா.

"அவளா? தன்னைப் பத்தித் தானேவா? அப்ப..." அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரப் பார்த்தது. "அப்ப நான் என்ன பண்ண முடியும்?"

"இருங்க. அவங்களுக்கு ஒருத்தர் சொல்லியிருக்கார். எழுத்திலேயே சொல்லியிருக்கார். கையெழுத்தும் இருக்கு."

தாளை மேஜைமேல் வைத்தாள். மேனேஜர் தன் கையெழுத்தைத் தானே குனிந்து படித்தார்.

*உருளைப் பிரிவில் நடந்த சம்பவம் தொடர்பாகக் கீழ்க்கண்ட இருவர் மீதும் நடவடிக்கை எடுக்கப்படுகிறது. ஒன்று: மேஸ்திரி, மூன்று மாதம் தற்காலிகப் பணிநீக்கம். இரண்டு: மடிப்புப் பிரிவு எண் 27, அழுக்குப் பக்கத்துக்கு இடமாற்றம்.*

"ஐயோ, அது தண்டனை இல்லை மேடம்! மேஸ்திரியோட மச்சானுங்க ரெண்டு பேர் சுத்தப் பக்கத்துல இருக்கானுங்க. அவளை முறைச்சுட்டே திரிஞ்சானுங்க. அவ பாதுகாப்புக்குத்தான் மாத்தினேன். ரெண்டுக்கும் தனித்தனியா எதுக்கு நோட்டீஸ்னு ஒண்ணாப் போட்டுட்டேன்."

"பாதுகாப்புக்குன்னு யார்கிட்ட சொன்னீங்க?"

அவர் தாளை மறுபடி தன் பக்கம் இழுத்தார். "புரிஞ்சுக்குவாங்கன்னு நினைச்சேன்."

"இத்தனை வருஷத்துல, தப்பு பண்ணாத ஆள் யாரையாவது சுத்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் மாத்தியிருக்கீங்களா?"

மேனேஜர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மச்சானுங்க முறைச்சா மச்சானுங்களைத்தானே சார் மாத்தணும்?" என்றேன். இப்படி நடுவில் புகுந்தால் அக்கா என் காலை மிதிப்பாள். இந்தத் தடவை மிதிக்கவில்லை.

"நீங்க அவனைத் தண்டிச்சது சரிதான் சார்" என்றாள் அவள். "ஆனா தண்டனையைப் பார்த்துத்தான் ஜனங்க யாருக்கு எவ்வளவு மரியாதைன்னு முடிவு பண்றாங்க. அடிச்சவன் வீட்டுல கால் நீட்டிப் படுத்திருக்கான். அடி வாங்கினவ ரத்தத் துணி பொறுக்கறா. நாற்பது பேரும் அந்த ரெண்டு வரியைத்தான் படிச்சாங்க. அவளும் படிச்சா. நீங்க ஒருத்தர்தான் படிக்கலை, எழுதிட்டு விட்டுட்டீங்க."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நாலு மணிக்குள்ள ஆளை வீட்டுக்கு அனுப்பறதாச் சொன்னீங்க" என்று நினைவுபடுத்தினேன். "இப்ப மூணே கால்."

அவருக்கு அது வலித்திருக்கும். வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

ஐந்து நிமிஷம் கழித்து உருளை மிஷின்கள் நின்றன. மேனேஜர் மைக்கைப் பிடித்தார். எண் 27 எந்தத் தப்பும் செய்யவில்லை, அவள் மிஷினை நிறுத்தியதுதான் சரி, அவளை இடம் மாற்றியது தன்னுடைய தவறு என்று சொன்னார். திங்கட்கிழமை முதல் அவள் சுத்தப் பக்கம், மேஸ்திரி அழுக்குப் பக்கம், மேஸ்திரி என்கிற பதவி இல்லாமல். குரல் இரண்டு இடத்தில் தடுக்கியது. கீழே கண்ணாடி வழியாகப் பார்த்தேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பேக்கிங் மேஜைக்காரி மட்டும் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கி, பொத்தான் போட முயன்று, முடியாமல் விட்டுவிட்டாள்.

மடிப்புக்காரி குளித்து உடை மாற்றி மேலே வந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. கதவருகே நின்றுகொண்டாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சார், அன்னிக்கு நான் பண்ணினது தப்பில்லையா?"

"இல்லம்மா."

"எண்பத்தெட்டு நாள் சார்" என்றாள். அழவில்லை. "இதை ஒரு தாள்ல எழுதி ஒட்டுங்க. அந்தப் பழைய தாள் இருந்த இடத்துலயே ஒட்டுங்க. இன்னொண்ணு எனக்குக் குடுங்க, வீட்டுல காட்டணும்."

மேனேஜர் எழுதினார். இந்தத் தடவை எழுதியதைப் படித்தும் பார்த்தார். இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டு, கேட்கப் பயந்தவர் மாதிரிக் கேட்டார். "அப்ப, வேலையை விட வேண்டாம் இல்லையாம்மா?"

அவள் தாளை நான்காக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தினாள்.

"விடறேன் சார். இவங்களோட உட்கார்ந்து இனிமே சாப்பிட முடியாது. ஆனா இன்னிக்கு இல்லை. திங்கட்கிழமை அவர் வருவார். அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு அழுக்குப் பக்கம் போவார். நான் இந்தப் பக்கம், என் மேஜைகிட்ட நின்னு அதைப் பார்க்கணும். நான் பார்க்கறதை எல்லாரும் பார்க்கணும். செவ்வாய்க்கிழமைன்னு போட்டுக்கோங்க."

மேனேஜர் ராஜினாமாவை எடுத்து, சனிக்கிழமை என்பதை அடித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை என்று எழுதினார்.